மலையில் குடியேற ஊர் தேடுகிறீர்களா? மே மாதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வந்து, ரெண்டு நாள் தங்கி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சூடாக ஒரு டீ குடித்துவிட்டு, "பேசாம இங்கேயே ஒரு வீட்டைப் பார்த்து வந்துடலாம்" என்று முடிவு செய்தவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். சிலர் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறார்கள். சிலர் அடுத்து வந்த ஜூலையிலேயே சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, பிள்ளைக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம், வீட்டு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டது என்று எல்லாம் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பு போயிருக்கும். அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தப்பான ஊரைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணமே தவிர, மலை வாழ்க்கை அவர்களுக்கு ஒத்துவராது என்பதல்ல.

நான் குன்னூரில் பிறந்தவன். வேலைக்காகப் பத்து வருடம் ஊட்டியில் இருந்தேன், இப்போது ஆறு வருடமாகக் கோத்தகிரி. தங்கையைக் கட்டிக்கொடுத்தது கூடலூரில். நாலு ஊரும் ஒரே நீலகிரி மாவட்டம்தான், ஆனால் குடியிருந்து பார்த்தால் நாலும் நாலு உலகம். "நீலகிரியில் வீடு வேண்டும்" என்று யாராவது கேட்டால் முதலில் "நீலகிரியில் எங்கே?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

எப்படி ஒப்பிடுவது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஊரையும் அந்த ஊரின் மோசமான மாதத்தில் போய்ப் பாருங்கள். நல்ல மாதத்தில் எல்லா ஊரும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. மோசமான மாதம் ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு.

மழை: தொட்டபெட்டாவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

தொட்டபெட்டா சிகரமும் அதை ஒட்டிய மலைத்தொடரும் மாவட்டத்தின் நடுவே சுவர் மாதிரி நிற்கிறது. 2,600 மீட்டருக்கு மேல் உயரம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கமிருந்து வந்து கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி, ஊட்டி என்று கொட்டிவிட்டு அந்தச் சுவரில் மோதி நிற்கும். அதே நாளில் கோத்தகிரியில் காற்றும் தூறலும்தான் இருக்கும், சில நாள் வெயிலே அடிக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை எதிர்ப்பக்கமிருந்து வரும்போது கதை தலைகீழாகிவிடும். குன்னூரும் கோத்தகிரியும் நனையும், கூடலூருக்கு அவ்வளவு தொல்லை இருக்காது.

எவ்வளவு பெய்யும் என்று கேட்டால், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சமவெளியில் பல ஊர்களில் வருடம் முழுக்கப் பெய்வதே அவ்வளவுதான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் பெய்த மழையில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரம் ஊரே சாவு வீடு மாதிரி இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஊட்டியையும் கூடலூரையும் ஜூலையில் பாருங்கள். குன்னூரையும் கோத்தகிரியையும் நவம்பரில் பாருங்கள். ஊட்டிக்கு ஜனவரியிலும் ஒரு தடவை போக வேண்டும், உறைபனிக் காலம் அது. தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல்வெளியும் கார் கூரையும் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேனுக்குக் குழந்தையைக் கிளப்ப வேண்டிய வீட்டில் அந்தக் காட்சியை ரசிக்க நேரம் இருக்காது.

ஜூலையில் ஊட்டியில் வீடு பார்க்கப் போனால் ஹாலில் உட்கார்ந்து பேசிவிட்டு வராதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தச் சொல்லி, பின்னால் கை வைத்துப் பாருங்கள். சுவர் பிசுபிசுவென்று இருந்தால், கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருந்தால், அந்த வீட்டில் உங்கள் பட்டுப்புடவை, தோல் செருப்பு, பிள்ளைகளின் சர்டிபிகேட் ஃபைல் எல்லாமே அப்படித்தான் ஆகும். மலைச்சரிவை வெட்டி அதில் முதுகைச் சாய்த்த மாதிரிக் கட்டின வீடுகளில் பின்சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கும், அந்த ஈரம் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் போகாது. துணி காயப் போட எங்கே இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். ஊட்டியில் ஜூலையில் ஒரு ஜீன்ஸ் பேன்ட் காய நாலு நாள் ஆகும், கைக்குழந்தை உள்ள வீட்டில் இது பெரிய விஷயம். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்பதைவிட, காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் மூன்று மணிக்கும் நீங்களே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. கிழக்கு பார்த்த சரிவில் இருக்கும் வீட்டுக்கும், எதிர் மலையின் நிழலில் கிடக்கும் வீட்டுக்கும் ஒரே வாடகை கேட்பார்கள், ஆனால் குளிர்காலத்தில் ரெண்டுக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் தெரியும்.

உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், குளிர் எவ்வளவு இருக்கும் என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 சுமார், கோத்தகிரியும் கிட்டத்தட்ட அதே அளவு, கூடலூர் ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். கூடலூரில் பகலில் ஃபேன் போடுகிற நாளும் உண்டு, நெல்லும் குருமிளகும் இஞ்சியும் விளைகிற ஊர் அது. ஊட்டியில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. நாங்கள் ஊட்டியில் இருந்தபோது என் மனைவி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, இன்னும் சூடு ஆறாத அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள், அப்படியும் சில நாள் காலையில் வைத்தது வைத்தபடியே இருக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் துவரம் பருப்பு வேகாது. கோத்தகிரிக்கு வந்த பிறகு மாவு மறுநாள் காலைக்குள் ஓரளவு பொங்கிவிடுகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் விடிந்ததும் எதிரே நிற்கிற விஷயம்.

குளிருக்கு ஒன்று மட்டும் செய்யாதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள். அந்தப் புகையில் மணமும் இல்லை நிறமும் இல்லாத விஷவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் சாகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எத்தனை ரோடு, வீட்டுக்கு எத்தனை படி

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். வீட்டில் அறுபது வயதுக்கு மேல் யாராவது இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள்.

குன்னூரில் எங்கள் பழைய வீடு ரோட்டிலிருந்து கீழே இறங்க வேண்டிய வீடு. எழுபத்திரண்டு படி. சின்ன வயதில் அந்தப் படிகளில்தான் விளையாடினோம், அது ஒரு கஷ்டம் என்றே தோன்றியதில்லை. ஒரு நவம்பர் ராத்திரி, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. 108 ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் ரோட்டில்தானே நிற்க முடியும்? ஸ்ட்ரெச்சர் அந்தப் படி வளைவில் திரும்பாது. பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, ஒரு வேட்டியால் நெஞ்சோடு கட்டி, நானும் பக்கத்து வீட்டு அண்ணன் ரெண்டு பேரும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம். பாசி பிடித்த படி, கையில் டார்ச் பிடிக்க ஆளில்லை. அப்பா "மெதுவா, அவசரப்படாத, நீ விழுந்துடாத" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே வந்து வண்டியில் ஏற்றிய பிறகுதான் டிரைவர் சொன்னார், பர்லியாறு பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துவிட்டது, கோத்தகிரி சுற்றித்தான் போக வேண்டும் என்று. நேராக இறங்கினால் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், சுற்றிப் போனால் ஐம்பதுக்கு மேல். அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த ராத்திரிக்குப் பிறகு எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் படியைத்தான் எண்ணுகிறேன்.

நீங்களும் எண்ணுங்கள். ரோட்டில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, ராத்திரி விளக்கு எரிகிறதா, மழையில் அந்தப் படியில் ஓடை மாதிரித் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் வரப்போவதும் அதே படியில்தான், ஒவ்வொரு தடவையும் தூக்குகூலி தனி.

அடுத்தது ரோடு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்க ரெண்டு பாதை, ஒன்று குன்னூர் வழி, இன்னொன்று கோத்தகிரி வழி. ஒன்று அடைத்தால் இன்னொன்று. கோத்தகிரிக்காரர்களுக்கு நேராக 33 கிலோமீட்டரில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர், அது ஒரு பெரிய சௌகரியம். குன்னூருக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான், ஆனால் பர்லியாறு ரோடு மழைக்காலத்தில் அடிக்கடி அடைபடும். மலை ரயிலையும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் விழுந்ததென்று நிறுத்திவிடுவார்கள், அதை நம்பி எந்தப் பயணமும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஐம்பது கிலோமீட்டர், ஆனால் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு புது மருத்துவமனையும் திறந்திருப்பதால், முன்பு கோயம்புத்தூருக்கு ஓடிக்கொண்டிருந்த பல கேஸ்களுக்கு இனி மலை இறங்க வேண்டிய அவசியம் இல்லை. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை, கோத்தகிரியில் அரசு மருத்துவமனையும் மிஷன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. சாதாரண காய்ச்சல், பிரசவம் வரைக்கும் கவலை இல்லை.

கூடலூர்தான் யோசிக்க வேண்டியது. ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர், நடுவட்டம் ஏறிப் போக வேண்டும், ஜூலையில் அந்த ரோட்டில் மரம் விழுவதும் மண் சரிவதும் உண்டு. மைசூர் போகலாம் என்றால் முதுமலை, பந்திப்பூர் காட்டு வழியில் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை சாதாரண வண்டிகளை விட மாட்டார்கள். அதனால் என் தங்கை வீட்டில் அவசரம் என்றால் சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணை என்று கேரளத்துக்குத்தான் போகிறார்கள். அது அவர்களுக்குப் பழகிவிட்டது. மலையாளம் தெரியாத, அந்தப் பக்கம் சொந்தம் இல்லாத ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கலெக்டர் ஆபீஸ் வேலை எதுவாக இருந்தாலும் ஊட்டி வர வேண்டும், ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

சீசனில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக விடுவார்கள். ஊட்டி டவுனுக்குள் சேரிங்கிராஸ் தாண்டுவதற்கே அரை மணி நேரம் ஆகிற நாள் உண்டு. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 உள்ள வண்டிக்கு அது தேவையில்லை. ஆனால் உங்கள் மகள் குடும்பத்தோடு சென்னையிலிருந்து காரில் வருவதானால் பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

தண்ணீர்: டிரம்மை எண்ணுங்கள்

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பார்கள். உண்டு. சரிவான நிலத்தில் பெய்தது பெய்த வேகத்தில் கீழே ஓடிவிடும். ஊட்டிக்குப் பார்சன்ஸ்வேலி, குன்னூருக்கு ரேலியா அணை, கோத்தகிரிக்கு ஈளாடா தடுப்பணை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு ஆதாரம். மார்ச், ஏப்ரலில் குன்னூரில் சில வார்டுகளுக்கு வாரத்துக்கு ஒரு தடவைகூடச் சரியாக வராது. போர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இந்த மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட நினைத்தபடி அனுமதி கிடைக்காது.

கோத்தகிரியில் நான் வீடு தேடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் எப்படி என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன், "அதெல்லாம் பிரச்சினையே இல்ல சார்" என்றார். எதிர்வீட்டு வாசலில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா அவர் போகிற வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, வாயால கேட்காதீங்க, வரிசையா வீட்டு வாசலைப் பார்த்துட்டே போங்க, நீல டிரம் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க" என்றார். அந்த வரிசையில் வீட்டுக்கு நாலு, அஞ்சு டிரம். ரெண்டு தெரு தள்ளி, ஊற்றுத் தண்ணீர் குழாய் வருகிற இடத்தில், வீட்டுக்கு ஒன்றுதான். இப்போது நான் குடியிருப்பது அங்கேதான். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது, எந்த ஊருக்கும் பொருந்தும்.

மண்ணும் பட்டாவும்

வாடகைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். மேலே இருக்கிற தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டை விட்டிருக்கிறார்களா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, மேலே இருக்கிற வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது, மரங்கள் நேராக நிற்கின்றனவா ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா. சாய்ந்த மரம் என்றால் மண் நகர்ந்துகொண்டிருக்கலாம். மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் உள்ள இடங்கள் என்று 283 இடங்களை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற இடம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று தாசில்தார் ஆபீஸிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இங்கே சமவெளிச் சட்டம் மட்டும் இல்லை. மலையில் 7 மீட்டருக்கு மேல் உயரமாக வீடு கட்ட முடியாது, பொக்லைன் வைத்து மண் வெட்டுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும், விவசாய நிலத்தை மனையாக மாற்றுவது லேசான காரியம் இல்லை. சில நிலங்கள் 1949-ஆம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், பார்க்கத் தேயிலைத் தோட்டம் மாதிரி இருக்கும், முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. கூடலூர், பந்தலூர் என்றால் "பிரிவு 17 நிலமா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 1969-ஆம் வருட ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் வருகிற நிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டா கிடைக்காமல், மின் இணைப்புக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த நிலத்தை "சும்மா ஒரு பத்திரம் போட்டுக்கலாம்" என்று விற்க வருகிறவர்களை நம்பி வெளியூர்க்காரர்கள் பணத்தைக் கொட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மசினகுடி, மாவனல்லா பக்கம் என்றால் சீகூர் யானை வழித்தடம் இருக்கிறது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதை உறுதிசெய்துவிட்டது. அங்கே மலிவாக வருகிறதென்று எதையும் தொடாதீர்கள்.

நான் சொல்வது, எந்த ஊராக இருந்தாலும் முதலில் பதினோரு மாத வாடகைக்கு இருங்கள். போக்கியத்துக்குக்கூட வேண்டாம், ஒரு முழு வருடம் மழையும் பனியும் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல்

குன்னூரில் காட்டெருமை தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து தெருவில் நிற்கும். கோத்தகிரியில் கரடி. கோயில் எண்ணெய்க்கும் பேக்கரி வாசத்துக்கும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். சிறுத்தை எல்லா ஊரிலும் உண்டு, நாய் வளர்ப்பவர்கள் ராத்திரி அதை வெளியே கட்டக் கூடாது. ஊட்டி டவுனுக்குள் இந்தத் தொல்லை குறைவு, ஓரத்துக்குப் போனால் அங்கேயும் உண்டு. கூடலூர், பந்தலூரில் யானை. அது வேறு ரகம், உயிர் போகிற விஷயம், தோட்டத்து வழியில் இருட்டிய பிறகு நடக்கவே முடியாது. 2021-இல் டி23 என்ற புலியை மூன்று வாரம் தேடி அக்டோபரில் மசினகுடிப் பக்கம் பிடித்தார்கள், அந்த மூன்று வாரமும் தங்கை வீட்டுப் பிள்ளைகள் தனியாக வெளியே போகவில்லை.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூஷன் முடிந்து பிள்ளை எத்தனை மணிக்கு வரும், பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு இருக்கிறதா, நடுவில் தேயிலைத் தோட்டம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை டிரைவரிடமோ கண்டக்டரிடமோ கேளுங்கள். ஆட்டோக்காரரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

வேலை, பள்ளி, செலவு

இதில் சொல்ல அதிகம் இல்லை. வெளியே போய் வேலை தேட வேண்டியவர்களுக்கு ஊட்டியும் குன்னூரும்தான், குன்னூர் பக்கத்தில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவ மையம் எல்லாம் இருப்பதால் வருடம் முழுக்க வியாபாரம் ஓரளவு ஓடும். பள்ளிகளுக்கு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றுமே நல்லது, அரசு கலைக் கல்லூரி ஊட்டியில். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் இணையம் எப்படி என்று ஜூலைக் காற்றில் பாருங்கள். மரம் விழுந்தால் கரண்டும் போகும் கேபிளும் போகும். வாடகை ஊட்டியில்தான் அதிகம், நல்ல வீட்டையெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுவிடுகிறார்கள். காய்கறி இங்கேயே விளைகிறதே, மலிவாக இருக்கும் என்று நினைப்பீர்கள். கேத்தியில் பிடுங்கிய கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்த்தான் விலை ஆகும், தக்காளியும் வெங்காயமும் கீழேயிருந்து லாரி வாடகையோடு ஏறி வரும், அதனால் மொத்தத்தில் கோயம்புத்தூரைவிடச் செலவு கூடத்தான் ஆகும். கம்பளி, ரப்பர் பூட்ஸ், ஹீட்டருக்கான கரண்ட் பில்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்தகிரி, குன்னூரைச் சுற்றிப் படுக மக்களின் ஹட்டிகள், அதாவது கிராமங்கள்தான், ஊருக்குள் ஒரு நல்லது கெட்டது என்றால் ஆயிரம் பேர் நிற்பார்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உங்களையும் கூப்பிடுவார்கள், போங்கள். கூடலூரில் மலையாளிகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், பழங்குடி மக்கள் என்று எல்லோரும் கலந்து வாழ்கிறார்கள், ஒரே பஸ்ஸில் மூன்று மொழி கேட்கும். ஊட்டியில் டவுன் பழக்கம், யார் வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், சிலருக்கு அதுதான் நிம்மதி.

சரி, எங்கே போகலாம்?

வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்களுக்கு நான் கோத்தகிரியைத்தான் சொல்வேன், அதுவும் ரோட்டோரம், படி இல்லாத வீடு. மழை நடுத்தரம், குளிர் நடுத்தரம், கீழே இறங்க நேர் ரோடு. மருத்துவமனைக்கு மாதத்துக்கு நாலு தடவை போக வேண்டிய நோயாளி இருந்தால், அல்லது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் ஊட்டி. ஆனால் வீசிங் தொல்லை உள்ளவர்களுக்கு ஊட்டியின் ஜூலையும் ஜனவரியும் கடுமையாக இருக்கும், டாக்டரிடம் கேட்காமல் வர வேண்டாம். குன்னூர் எனக்குப் பிறந்த ஊர், உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஊர், தண்ணீரும் படியும் சரியாக அமைந்த வீடு கிடைத்தால் யோசிக்காமல் வாருங்கள். கிடைப்பதுதான் கஷ்டம். விவசாயம் பண்ண வேண்டும், மைசூரிலோ வயநாட்டிலோ சொந்தபந்தம் இருக்கிறது, நல்ல மழை பிடிக்கும் என்றால் கூடலூர், வாடகைக்கு மட்டும்.

பார்க்க வரும்போது சொந்தக் கார் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் இறங்கி அரசு பஸ் பிடித்து ஏறுங்கள், ஒரு ஊரில் நாலு நாளாவது லாட்ஜில் இல்லாமல் ஒரு வீட்டில் தங்குங்கள். காலையில் பால் வாங்கப் போங்கள், மார்க்கெட்டுக்கு நடந்து போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வாருங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மெடிக்கல் ஷாப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் ஊர் வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: படி, டிரம், சுவர் ஈரம், கடைசி பஸ், ஆஸ்பத்திரிக்கு ரெண்டாவது ரோடு. கோத்தகிரிக்கு வருவதானால் நவம்பர் ரெண்டாவது வாரம் வாருங்கள். குடை போதாது, காற்று பிடுங்கிவிடும், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.